ரேவன்ஹர்ஸ்ட் மாளிகைக்கு இரண்டாம் முறை போகலாமா?

இங்கே மொரீஷியஸில் காத்ர் போர்னிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, ‘ரேவன்ஹர்ஸ்ட்’ கம்ப்யூட்டர் கேமின் முதல் பாகத்தை என் மாமியாரோடு சேர்ந்து ஆடி முடித்துவிட்டேன். அவருக்குக் கண் கூர்மை, என்னைவிட வேகமாகப் பொருள்களைக் கண்டுபிடிக்கிறார். ஆனால் இங்கிலீஷ் அவ்வளவாக வராது, கிரியோலும் பிரெஞ்சும்தான், கொஞ்சம் தமிழ். அடுத்த பாகமான ‘ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்’ வாங்கலாமா? பழைய கேம் என்கிறார்கள். எதில் நன்றாக இருக்கிறது, எதில் குறை?"

வாங்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முதல் பாகம் பொருள் தேடும் கேம், அதாவது பட்டியலில் உள்ள பொருள்களைப் படத்துக்குள் கண்டுபிடிப்பது. இரண்டாம் பாகம் ஒரு வீட்டுக்குள் நடந்து திரியும் கேம். பொருள் தேடுவது அந்த நடையின் நடுவே வரும் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. நான் இதில் பாராட்டுவதும் குறை சொல்வதும் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் வருகின்றன.

நான் ரோஸ் ஹில்லில் தமிழ் ஆசிரியை. என் அம்மா நாற்பது வருடம் தையல் தொழில் செய்தவர். நாங்கள் இருவரும் இந்த வகை கேம்களைப் பல வருடங்களாகச் சேர்ந்தே ஆடுகிறோம். மவுஸ் என் கையில், கண் அம்மாவுடையது. அதனால் உங்கள் வீட்டு நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது.

முதலில் முதல் பாகத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். சியாட்டிலில் இருக்கும் பிக் ஃபிஷ் கேம்ஸ் 2005-இல் ‘மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்’ வெளியிட்டபோதுதான் பொருள் தேடும் கேம் என்ற வகையே வீட்டுக்கு வீடு பரவத் தொடங்கியது. 2006-இல் ‘பிரைம் சஸ்பெக்ட்ஸ்’, அதே வருடம் ‘ரேவன்ஹர்ஸ்ட்’, 2007-இல் ‘மேடம் ஃபேட்’. அந்த வரிசையில் ஐந்தாவது 2008-இல் வந்த இந்த ‘ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்’. நடுவில் வந்த ‘மேடம் ஃபேட்’ தனிக் கதை. அதை ஆடாமலே நீங்கள் நேராக இதற்கு வரலாம்.

முதல் ரேவன்ஹர்ஸ்டில் நீங்கள் என்ன செய்தீர்கள்? இங்கிலாந்து ராணி கேட்டுக்கொண்டதால் துப்பறிபவராக பிளாக்பூல் ஊரில் இருக்கும் அந்த மாளிகைக்குப் போனீர்கள். ஒரு படம், கீழே ஒரு பட்டியல், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். பட்டியலை முடித்தால் எம்மா ரேவன்ஹர்ஸ்டின் நாட்குறிப்பில் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அப்புறம் ஒரு கதவு. அந்தக் கதவுகளை யாரும் மறக்க முடியாது. ஒரு பூட்டைத் திறக்க நூறு பல்சக்கரம், உருளும் குண்டு, நெம்புகோல், ஒன்றைத் தட்டினால் இன்னொன்று நகர்ந்து அது மூன்றாவதைத் தள்ளும். நம் ஊரில் மோக்காவில் 1830-இல் கட்டிய யுரேக்கா மாளிகைக்கு 109 கதவுகள் என்று சொல்வார்களே, அங்கே முதல் முறை போனபோது அம்மா வாசலிலேயே நின்று, "இத்தனையையும் அந்தப் பூட்டு மாதிரி திறக்கணும்னா ஒரு வாழ்நாள் போதாதே" என்றார். அந்த அளவுக்கு அந்தக் கதவுகள் மனதில் நின்றிருந்தன.

ஆனால் யோசித்துப் பாருங்கள். முதல் பாகத்தில் மாளிகை என்பது படங்களின் அடுக்குதான். சமையலறைக்குப் பக்கத்தில் எது, நூலகத்திலிருந்து தோட்டத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது. அறைகளின் பெயர் தெரியும், வீடு தெரியாது. இரண்டாம் பாகம் சரிசெய்வது இதைத்தான்.

இங்கே நீங்கள் வாசலிலிருந்து நடக்கிறீர்கள். கண் எதிரே தாழ்வாரம். இடப்பக்கம் திரும்பினால் ஒரு அறை, நேராகப் போனால் படிக்கட்டு, பின்னால் வந்தால் வந்த வழி. பல இடங்களில் தேடும் பட்டியலே கிடையாது. வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கலாம். எங்காவது பொருள்கள் குவிந்து கிடக்கும் இடத்தில்தான் பட்டியல் திறக்கும். பட்டியலை முடித்தால் அதிலிருந்து ஒரு பொருள் உங்கள் கைக்கு வரும். அது வேறெங்கோ இருக்கும் ஒரு பூட்டுக்கோ இயந்திரத்துக்கோ தேவைப்படும் பொருள். முதல் பாகத்தில் இருபது பொருள் கண்டுபிடித்தீர்கள், இருபதும் மறைந்துபோயின. இங்கே ஒரு சாமான் கைக்கு வந்ததும், "இது அந்தக் கதவுக்காக இருக்குமோ?" என்று மனம் வந்த வழியே ஓடுகிறது. பொருளுக்கு ஒரு போக்கிடம் இருக்கிறது. தேடலுக்கே அதனால் வேறு சுவை வந்துவிடுகிறது.

என் கணிப்பில் இதுதான் இந்தப் பாகத்தின் மிகப் பெரிய பலம். பின்னால் வந்த எத்தனையோ கேம்கள் இதே உருவத்தை எடுத்துக்கொண்டன. இன்று இந்த வகையில் எதைத் திறந்தாலும் நடை, பட்டியல், கைப்பொருள், புதிர் என்ற இந்தச் சுற்றுதான். அதனால் இன்று முதல் முறை ஆடுபவருக்கு இதில் புதுமை தெரியாமல் போகலாம். முதல் பாகத்தை முடித்த சூட்டோடு நீங்கள் போகிறீர்கள் என்பதால் உங்களுக்கு அது பளிச்சென்று தெரியும்.

கடிகாரத்தை எடுத்துவிட்டதும் பெரிய நன்மை. முதல் பாகத்தில் நேரம் குறையக் குறைய அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும். "போதும், நீயே ஆடு" என்று எழுந்துபோன நாள்களும் உண்டு. இங்கே அவசரம் கிடையாது. அடுப்பில் பருப்பு கொதித்தால் போய் இறக்கிவிட்டு வரலாம், அந்த அறை அப்படியே காத்திருக்கும். உங்கள் மாமியாருக்கு இதுவே பாதி நிம்மதி.

கதைக்கு வருகிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன், தொடக்கம் மட்டும். முதல் பாகத்தில் எம்மாவின் ஆவியை விடுவித்துவிட்டு வந்தோம் அல்லவா? சார்ல்ஸ் டலிமார் ஒரு பெண் தன்னை மறுத்ததற்காக அவள் வாழ்க்கையையே பறித்தவன் என்று தெரிந்துகொண்டோம், வேலை முடிந்தது என்று நினைத்தோம். எம்மா ஒருத்தி மட்டும் இல்லை என்பதில்தான் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. ரோஸ் சாமர்செட் என்ற பெண்ணும் அவளுடைய இரட்டை மகள்கள் குவென்டலினும் சார்லட்டும் அதே இடத்தில் சிக்கியிருக்கிறார்கள். நீங்கள் முதல் முறை போனபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் இந்தத் தொடர்ச்சியை உயர்வாக நினைக்கிறேன். இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் பலர் வில்லன் தப்பித்துவிட்டான் என்பார்கள், அல்லது ஊரை மாற்றி அதே கதையைத் திரும்பச் சொல்வார்கள். இங்கே கதை முதல் பாகத்துக்குள்ளேயே கையை விட்டு, நாம் முடித்துவிட்டோம் என்று நம்பிய வேலையைத் திறந்து காட்டுகிறது. நாம் பட்டியல் போட்டுக் குடையும் பூச்சாடியும் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் காலடியில் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும். அம்மா இதைப் புரிந்துகொண்ட கணத்தில் திரையைப் பார்த்து, "ஐயோ, விட்டுட்டு வந்துட்டோமே" என்றார். அது அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது.

ஆவிகளாக வருபவர்கள் படம்பிடித்த உண்மை நடிகர்கள். இதைப் பலம் என்றும் சொல்லலாம், குறை என்றும் சொல்லலாம். வரைந்த பொம்மை முகத்தில் வராத ஒரு துயரம் மனித முகத்தில் வந்துவிடுகிறது. சார்ல்ஸ் தோன்றும் இடங்களில் எனக்கு இன்னமும் ஒரு நடுக்கம் உண்டு. ஆனால் அந்தப் படத்துண்டுகள் இப்போதைய பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரியும். சில இடங்களில் நடிப்பு நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நடிப்பது போல இருக்கும். அந்தக் கதைக்கு அது பொருந்துகிறது என்பது என் எண்ணம். அம்மாவுக்குப் பொருந்தவில்லை.

இனி குறை. முதலாவது, மிகப் பெரியது: வரைபடம் இல்லை.

வீடு வீடாகவே இருப்பதன் விலை இது. அறை பெருகப் பெருக, எந்தக் கதவு எங்கே போகிறது என்பது தலையில் நிற்காது. கையில் ஒரு பொருள் இருக்கும். அது பொருந்தும் இடத்தைப் பார்த்த ஞாபகமும் இருக்கும், அது எந்தப் பக்கம் என்பது மட்டும் மறந்துபோயிருக்கும். நடந்து போக வேண்டும், திரும்பி வர வேண்டும். பட்டியலுக்குள் சிக்கினால் ‘ஹிண்ட்’ என்ற உதவிப் பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்ற நேரங்களில் அது எங்களுக்கு உதவவில்லை. நடுப்பகுதியில் ஒரு மாலை முழுக்க நாங்கள் எதையும் கண்டுபிடிக்காமல் நடந்துகொண்டே இருந்தோம். தேடுவதில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு இது பெரிய எரிச்சல். தன் திறமைக்கு வேலையே இல்லாமல் வழி தெரியாமல் நிற்பது யாருக்குப் பிடிக்கும்?

நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தனவே, அந்த நாள்களில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது இந்தக் கேமை மறுபடி முதலிலிருந்து ஆடினோம். காவடி விரதம் நெருங்கிய நேரம், சமையலும் எளிமை, வேறு வேலையும் இல்லை. மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரி தீரும்வரைதான் ஆட்டம். அப்போது அம்மா பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரு அறைக்கு ஒரு கட்டம். கதவு இருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. பூட்டிய கதவுக்குக் கோட்டின் மேல் ஒரு குறுக்கு, துணியில் தையல் பிரிக்க வேண்டிய இடத்தில் போடுவாரே, அதே குறி. பாதியில் விட்ட புதிர் இருக்கும் அறைக்கு ஒரு புள்ளி. நான் "இந்தச் சக்கரம் எங்கே?" என்றதும் விரலை நோட்டில் ஓட்டி, "ரெண்டு தள்ளி, கீழே இறங்கு" என்பார். மின்சாரம் இல்லாத நேரத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த நோட்டைப் பார்த்து நாளைக்கு எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தோம். கேம் கொடுக்காத வரைபடத்தை அம்மா வரைந்ததால் அந்த வீடு எங்களுக்குச் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் சொல்கிறேன், இது அம்மாவின் கெட்டிக்காரத்தனம். கேமின் பெருமையாக இதைக் கணக்கில் எழுத முடியாது.

இரண்டாவது குறை பொருள்களை ஒளித்துவைக்கும் விதம். இதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன், ஏனென்றால் இந்த வகை கேமின் உயிரே இதுதான்.

ஒரு நல்ல ஒளிவு எப்படி இருக்கும் என்பதற்கு நான் வகுப்பில் பிள்ளைகளிடம் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன். நம் 100 ரூபாய் நோட்டை எடுத்து, ரங்கநாதன் சீனிவாசன் முகம் இருக்கிறதே அந்த நோட்டுதான், "இதில் தமிழ் எங்கே இருக்கிறது, பத்து விநாடி" என்பேன். தினமும் கையில் புழங்கும் நோட்டு. தொகை இங்கிலீஷிலும் தமிழிலும் இந்தியிலும் அச்சாகியிருக்கிறது. 1998-இல் புது நோட்டுகளில் தமிழைக் கீழே தள்ளியபோது இந்தத் தீவின் தமிழர்கள் எழுந்து கேட்டு, அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்ட வரலாறும் இதற்கு உண்டு. அப்படியும் வகுப்பில் பாதிப் பேருக்குப் பத்து விநாடி போதாது. அந்த எழுத்து மறைத்து வைக்கப்படவில்லை. இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில், வெட்டவெளிச்சமாக இருக்கிறது. நம் கண் பழகிப்போய் அதைத் தாண்டிவிடுகிறது. கண்டுபிடித்ததும் பிள்ளைகள் முகத்தில் வருகிற வெட்கம் கலந்த சந்தோஷம் இருக்கிறதே, ஒளித்துவைத்தவன் நேர்மையாக நடந்துகொண்டால்தான் அது வரும்.

ரேவன்ஹர்ஸ்ட் கலைஞர்களிடம் இந்த நேர்மை பாதிக்கு மேல் இருக்கிறது. நாற்காலியின் கால் வளைவோடு ஒட்டி நிற்கும் பாம்பு, திரைச்சீலையின் மடிப்பாகவே தெரியும் குடை என்ற மாதிரி ஒளிவுகள் வரும்போது எழுந்து நின்று கைதட்டலாம். மீதி இடங்களில் குறுக்குவழி. பொருளை எறும்பு அளவுக்குச் சுருக்குவது, சுவரின் நிறத்திலேயே சாயம் பூசிப் பாதி தெரியும்படி ஒட்டுவது, இருட்டு மூலையில் கறுப்புச் சாமானைப் போடுவது. இவற்றைக் கண்டுபிடிக்கும்போது மகிழ்ச்சி வராது, "இதை எப்படிப் பார்க்கச் சொல்றாங்க?" என்றுதான் தோன்றும். முதல் பாகத்திலும் இது உண்டு. ஆனால் இரண்டாம் பாகத்தில் கதை இருட்டான இடங்களுக்குள் இறங்குவதால் இருட்டு மூலைகளும் கூடுகின்றன. வயதானவர்களோடு ஆடும்போது திரையின் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிவைத்துக்கொள்ளுங்கள், பகலில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம்.

இன்னொரு விஷயம், குவியல்களின் நியாயம். நடந்து போகும் வீடு அவ்வளவு ஒழுங்காக, நம்பும்படி இருக்கிறது. திடீரென்று ஒரு மேசைமேல் மீனும் துப்பாக்கியும் பலூனும் ரம்பமும் ஒன்றாகக் கிடக்கும். முதல் பாகத்தில் எல்லாமே குவியல் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. இங்கே வீடு உண்மையாகிவிட்டதால் குவியல் பொய்யாகத் தெரிகிறது. அந்த மாற்றத்தைப் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் வருத்தம். ஒரு தாயின் அறையில் தேட வேண்டியவை அந்தத் தாயின் பொருள்களாகவே இருந்திருந்தால் அந்தப் பட்டியலே ஒரு கதை சொல்லியிருக்கும்.

மொழி பற்றிக் கேட்டீர்கள். இது உங்கள் வீட்டில் முக்கியம். பொருள் தேடும் கேம் பாதிக்குப் பாதி சொல் விளையாட்டு. இங்கிலீஷ் பட்டியலில் ‘பேட்’ என்று இருந்தால் வௌவாலா, கிரிக்கெட் மட்டையா? ‘போ’ என்று எழுதியிருந்தால் வில்லா, ரிப்பன் முடிச்சா? இந்த இரட்டை அர்த்தத்தை வேண்டுமென்றே வைப்பார்கள், ரசிக்கத் தெரிந்தவருக்கு அதுவும் ஒரு இன்பம். மாமியாருக்கு அது வெறும் தடை. இந்தக் கேமுக்கு ‘ரெத்தூர் ஆ ரேவன்ஹர்ஸ்ட்’ என்று பிரெஞ்சுப் பதிப்பு இருக்கிறது, நீங்கள் அதையே எடுங்கள். நாங்களும் இரண்டாம் முறை அப்படித்தான் ஆடினோம். பிரெஞ்சிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. ‘டே’ என்றால் பகடை, தையல்காரர்கள் விரலில் மாட்டும் தொப்பியும் ‘டே’தான். ‘அவோகா’ என்றால் வக்கீலும் உண்டு, பழமும் உண்டு. ஆனால் இவை நம் வீட்டில் புழங்கும் சொற்கள், குழம்பினாலும் சிரித்துக்கொண்டே குழம்பலாம். அம்மா ஒருமுறை விரல்தொப்பியை என் கண் பார்ப்பதற்குள் கண்டுபிடித்தார். நாற்பது வருடம் விரலில் மாட்டிய பொருளுக்குக் கண் தானாகப் போகிறது.

கதையைச் சொல்லும் கடிதங்கள், குறிப்புகள் கொஞ்சம் பழைய நடையில் இருக்கும். அவற்றை நீங்கள் சத்தமாக வாசித்து, கிரியோலிலோ தமிழிலோ சொல்லிவிடுங்கள். வாசிக்காமல் தாண்டினால் ரோஸும் பிள்ளைகளும் யார் என்றே பிடிபடாமல் போய்விடும், கேமில் பாதி வீணாகும்.

புதிர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பாகத்துக் கதவுகளின் வம்சம் இங்கேயும் தொடர்கிறது. சில மிக அழகு, ஒன்றிரண்டு என்ன செய்யச் சொல்கிறது என்பதே புரியாத வகை. விதிமுறையை எழுதிக்காட்டாமல் நீங்களே தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒரு புதிரில் நின்றால் மூடிவைத்துவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். இரவில் அசையாதது காலையில் அசைந்த அனுபவம் எங்களுக்கு எத்தனையோ உண்டு.

மற்ற தொடர்ச்சிகளோடு ஒப்பிட்டால் இதன் இடம் இன்னும் தெளிவாகும். அடுத்த வருடம், 2009-இல் வந்த ‘டயர் குரோவ்’ நேரத்தில்தான் ‘கலெக்டர்ஸ் எடிஷன்’ என்ற வழக்கம் இந்தத் தொடருக்குள் வந்தது: கூடுதல் விலை, கதை முடிந்த பின் ஒரு கூடுதல் அத்தியாயம். ‘ரிட்டர்ன் டு ரேவன்ஹர்ஸ்ட்’ அதற்கு முந்தியது என்பதால் முழுக் கதையும் ஒரே விலையில், ஒரே மூச்சில் இருக்கிறது. எதையும் வெட்டி வெளியே வைத்துவிட்டார்கள் என்ற உணர்வு வராது. 2011-இல் ‘எஸ்கேப் ஃப்ரம் ரேவன்ஹர்ஸ்ட்’ வந்தது. அதில் பட்டியலையே தூக்கிவிட்டு, கண்ணெதிரே உருமாறும் பொருள்களைப் பிடிக்கச் சொல்கிறார்கள். பட்டியலை நேசிப்பவர்களுக்கு அது ஏமாற்றம். கதையும் மனதை உறுத்தும் அளவுக்குக் கொடூரமாகிறது. மாமியாரோடு ஆட நான் சொல்லமாட்டேன். 2015-இல் ‘கீ டு ரேவன்ஹர்ஸ்ட்’, ‘ரேவன்ஹர்ஸ்ட் அன்லாக்டு’ என்று இன்னும் இரண்டு வந்தன. அந்த மாளிகையை இத்தனை தடவை திறக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வேறு கம்பெனியின் தொடர்ச்சி ஒன்றையும் சொல்கிறேன். போலந்தின் ஆர்டிஃபெக்ஸ் முண்டி 2011-இல் ‘எனிக்மாடிஸ்’ முதல் பாகத்தையும் 2013-இல் ‘தி மிஸ்ட்ஸ் ஆஃப் ரேவன்வுட்’ என்ற இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. நான் இப்போது புலம்பிய எல்லாம் அதில் சரிசெய்யப்பட்டிருக்கும். வரைபடம் உண்டு, அதில் தட்டினால் அந்த இடத்துக்கே போய்விடலாம், எங்கே வேலை பாக்கி என்பதையும் அது காட்டும். ஹிண்ட் எல்லா இடத்திலும் வழிகாட்டும். படங்களும் மிக அழகு. டேப்லெட்டிலும் ஆடலாம், கண்ணுக்கும் கைக்கும் வசதி. சேர்த்த தடயங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் பலகை ஒன்றும் உண்டு, துப்பறிகிறோம் என்ற உணர்வை அது தரும். அம்மாவும் நானும் அதை மூன்று மாலைகளில் முடித்துவிட்டோம். முடித்து ஒரு வாரம் கழித்து அந்த இடத்தை வரையச் சொன்னபோது அம்மாவால் முடியவில்லை. "போகணும்னு தட்டினோம், போயிட்டோம். வழி எங்கே பார்த்தோம்?" என்றார். ரேவன்ஹர்ஸ்டின் கட்டம் போட்ட நோட்டு இன்னும் அவருடைய தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கிறது.

அதற்காக வரைபடம் வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. கால்வலியோடு அதே படிக்கட்டை எட்டாவது தடவை ஏறுவது போலச் சலிப்பூட்டும் இடங்களுக்கு ஒரு சின்ன வரைபடம், விரும்பினால் மட்டும் திறக்கும்படி, வைத்திருக்கலாம். தட்டினால் பறக்கும் வசதி வேண்டாம்; எங்கே நிற்கிறோம் என்று மட்டும் காட்டினால் போதும்.

வாங்குவதற்கு முன் சில நடைமுறை விஷயங்கள். பிக் ஃபிஷ் கேம்களில் முதல் ஒரு மணி நேரம் இலவசமாக ஆடிப் பார்க்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்த ஒரு மணி நேரத்திலேயே இந்த நடை உங்கள் இருவருக்கும் ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். ஒருமுறை இறக்கி நிறுவிவிட்டால் ஆட இணையம் தேவைப்படாது, புயல் நாள்களுக்கு அதுதான் வசதி. 2008-இல் இருந்த சதுரமான திரைக்காகச் செய்தது என்பதால் அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரலாம். இழுத்து நிரப்பும்படி மாற்றாதீர்கள், முகங்கள் தட்டையாகிப் பொருள்களின் வடிவம் கெட்டுவிடும். விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தால் அதிலேயே ஆடுங்கள். மேக்கில் 2019-இல் வந்த ‘கேட்டலினா’ பதிப்பிலிருந்து பழைய 32 பிட் நிரல்கள் ஓடுவதில்லை, இந்த வயதுக் கேம்கள் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் தெறிக்கும் காட்சிகளை நம்பி ஓடும் கேம் இல்லை இது. ஆனால் சிறைப்பட்ட பிள்ளைகள் என்ற எண்ணம் மனதைப் பிசையும், சில இடங்களில் ஆவி திடீரென்று முன்னால் வந்து நிற்கும். இதய நோய் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து, பகலில் ஆடுங்கள். சத்தத்தை முழுசாக நிறுத்திவிடாதீர்கள், அந்த வீட்டில் காற்றும் மரமும் எழுப்பும் ஒலிகளில்தான் பாதி வீடு இருக்கிறது.

முதல் நாள் தொடங்கும்போது ஒரு கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் மாமியார் கையில் கொடுத்துவிடுங்கள். வாசல் கேட்டுக்கு முதல் பக்கத்தின் அடியில், நடுக்கட்டத்தில் இடம் விடச் சொல்லுங்கள். அங்கிருந்து வீடு மேல்நோக்கி நிறைய விரியும். நிலத்துக்கு அடியில் இருப்பவற்றுக்குத் தனிப் பக்கம் வேண்டும். எங்களுக்கு அது தெரியாமல் பக்கங்களை ஒட்டவேண்டி வந்தது.